கையெழுத்து இல்லாத மூன்றாம் அத்தியாயம்

என் வாயாடி ஜமீலாவுக்கு, சலாம்.

எங்கே இருந்தாலும் யாரோ ஒருத்தரை மடக்கி வாதம் பண்ணிக்கிட்டுத்தான் இருப்பே. அதைக் கொஞ்சம் நிறுத்திட்டு நான் சொல்றதைக் கேளு. இந்தக் கடிதத்தை மத்தவங்களும் படிப்பாங்க. படிக்கட்டுமே. ஒளிச்சு வைக்க நம்மகிட்ட என்ன இருக்கு?

முதல்ல ஊர்ச் செய்தி. நம்ம சைகோன்ல மெட்ரோ ஓட ஆரம்பிச்சிடுச்சுடி! "என் பேரப்பிள்ளை பொறந்து வந்துதான் இதுல ஏறும்"னு கேலி பண்ணுவியே, அதே மெட்ரோதான். நான் இப்போ தாவோ தியென்ல ஒரு பள்ளிக்கூடத்துல பாடம் நடத்துறேன். வெள்ளிக்கிழமையானா அங்கே ஏறி, நகரத்துல இறங்கி, டோங் டு பள்ளிவாசலுக்கு நடந்தே வந்துடுறேன். முதல் தடவை ஏறினப்போ எனக்குப் பக்கத்துல ஒரு இடம் காலியா இருந்துச்சு. அழுதுட்டேன். எதிர்ல நின்ன பொண்ணு பதறிப்போய் பையில கையை விட்டு ஒரு கர்ச்சீப் எடுத்துக் குடுத்துச்சு.

சரி, இப்போ சண்டைச் செய்திக்கு வர்றேன். அதைக் கேக்கத்தானே காதைத் தீட்டிக்கிட்டு இருக்கே.

உன் ஆய்வேடு இன்னும் அந்தக் குளிர் தேசத்துப் பல்கலைக்கழகத்துலயே மாட்டிக்கிட்டு இருக்கு. நீ மவுத்தான பிறகு, வரைவா வெச்சிருந்த அத்தியாயங்களைச் சரிபார்த்து அனுப்பினது நான்தான். பட்டம் முடிக்காம இறந்துபோன மாணவிக்கும் பட்டம் குடுக்க அங்கே வழி இருக்கு. உன் வழிகாட்டி நல்ல மனுஷன், பாவம், உனக்காக ரொம்ப அலைஞ்சார். எல்லா அத்தியாயமும் தேறிடுச்சு, மூணாவதைத் தவிர. நெறிமுறைக் குழு அதை நிறுத்தி வெச்சிருச்சு. பேசினவங்க ஒவ்வொருத்தரும் தனித்தனியா ஒப்புதல் படிவத்துல கையெழுத்துப் போட்டிருக்கணுமாம். போடலேன்னா அத்தியாயம் செல்லாது. அத்தியாயம் செல்லாதுன்னா பட்டமும் இல்லே.

அந்த மூணாவது அத்தியாயம்தான் உன் உசிரு. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சைகோன் கம்யூனிஸ்டுகள் கையில விழுந்த பிறகு எந்த அரசாங்கத்தோட கணக்குலயும் சரியா உட்காராம, இங்கேயே இருந்துட்ட நம்ம ஆளுங்களோட பேச்சு அது. காரைக்கால்லேர்ந்து ஜவுளி வியாபாரத்துக்கு வந்த குடும்பங்கள், இங்கேயே கல்யாணம் கட்டினவங்க, பொண்டாட்டி பிள்ளைக்குக் காகிதம் இல்லாததால ஊர் திரும்புற ப்ளேன்ல ஏறாதவங்க. அவங்கள்ல ஒருத்தர் உன் வாப்பா.

"ஒரு கையெழுத்துதானே நசீமா, வாங்கி அனுப்பிடுங்க"ன்னு வழிகாட்டி எழுதியிருந்தார். ஒரு கையெழுத்துதானே! அதைப் படிச்சதும் எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. அவர் மேல கோவமில்லே. அவர் அந்த முதல் நாளைப் பார்த்ததில்லே. நான் பார்த்தேன்.

ஞாபகம் இருக்கா? படிவத்தை நீயே தமிழ்லயும் வியட்நாமிய மொழியிலயும் பெயர்த்து, அச்சடிச்சு, பெருமையாக் கொண்டாந்தே. "வீட்டுலேர்ந்தே ஆரம்பிப்போம் லாத்தா"ன்னு இந்த அக்காகிட்ட சொல்லி முதல் தாளை உன் வாப்பா கையில குடுத்தே. காசிம் மாமா கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு, தாளை மேலயும் கீழயும் பார்த்தார். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கிட்டார். நாம பசியாறி முடிச்சு, காப்பியும் குடிச்சாச்சு. "ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு நேரமா? புதுசாப் பழகிக்கிட்டு இருக்காரோ"ன்னு நீ சிரிச்சே.

அவர் வெளியே வந்தப்போ இஸ்திரி போட்ட சட்டை மாட்டியிருந்தார், கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டு. கையில கத்தையாத் தாள். பேர், தகப்பன் பேர், தகப்பன் செஞ்ச தொழில், கடை எந்தத் தெருவுல இருந்துச்சு, யார் யார் வெளிநாட்டுல இருக்காங்க, அவங்ககிட்டேர்ந்து கடைசியா எப்போ கடுதாசி வந்துச்சு, எல்லாம் வரிசையா எழுதியிருந்தார். கடைசியில, "என் தவறுகளை உணர்ந்துகொண்டேன்." ஒவ்வொரு பக்கத்துக்குக் கீழேயும் கையெழுத்து. ரெண்டு கையாலயும் நீட்டினார், தான் பெத்த மவகிட்ட.

"இது போதுமாம்மா? இன்னும் எழுதணுமா?"

அந்தக் குரலை என்னால மறக்க முடியலடி. உன்னால முடிஞ்சுதா?

ஆட்சி மாறின அந்த முதல் வருஷங்கள்ல அதிகாரிங்க இவங்களைக் கூப்பிட்டு உட்கார வெச்சு, வாழ்க்கை வரலாறு எழுதச் சொல்லியிருக்காங்க. இங்கே அதுக்கு 'லீ லிக்'னு பேர். எழுதிக் குடுத்தா கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி கூப்பிடுவாங்க, மறுபடி எழுதணும். போன தடவை எழுதினதுக்கும் இதுக்கும் ஒரு வரி மாறியிருந்தா, ஏன் மாறிச்சுன்னு கேள்வி. இதையெல்லாம் நீ சின்ன வயசுல கதையாக் கேட்டிருக்கே. மாமாவோட கை மட்டும் அதைக் கதையா வெச்சுக்கலே. கோடு போட்ட தாள், கீழே கையெழுத்துக்கு ஒரு இடம், எதிர்ல படிச்ச ஒரு ஆளு. அவ்வளவு போதும் அதுக்கு.

நீ அந்தக் கத்தையை வாங்கினே. அப்படியே ரெண்டாக் கிழிச்சே, நாலாக் கிழிச்சே. மிச்சமிருந்த வெத்துப் படிவத்தையும் சேர்த்துக் கிழிச்சே. அப்புறம் மாமாவோட கழுத்துப் பொத்தானை அவுத்து விட்டே. உன்னை அப்படி நான் பார்த்ததே இல்லே.

மறுவாரம் வேற ஜமீலாவா வந்து நின்னே. "தனியா ஒரு ஆளை உட்கார வெச்சுக் கேட்டா அது விசாரணை லாத்தா. எல்லாரையும் ஒண்ணாக் கூட்டி, சோறு போட்டுக் கேட்போம்"னு சொன்னே. ஜும்மா முடிஞ்சதும் உங்க வீட்டு முன்னறையில பாய் விரிச்சாச்சு. வியட்நாம்காரங்களான உன் மா, உன் அம்மா, இங்கத்து மீனைப் போட்டு வெச்ச காரைக்கால் ஆணம், அந்தக் குழம்புக்கு மயங்கியே பாதிப் பேர் வந்தாங்க. பேச்சா அது? சந்தைக்கடை! "ப்ளேன்ல எனக்கு இடம் குடுக்கலே"ன்னு ஒருத்தர் கண்ணைத் துடைச்சா, "யாரு சொன்னா? இடம் இருந்துச்சு, உனக்குத்தான் அவளை விட்டுட்டுப் போவ மனசில்லே"ன்னு பக்கத்துல இருக்கிறவர் போட்டு உடைப்பார். அவரு பொண்டாட்டி உள்ளேர்ந்து எட்டிப் பார்ப்பாங்க. கூடம் முழுக்கச் சிரிப்பு.

ஆரம்பிக்கும்போது நீ எழுந்து நின்னு கேப்பே: "நீங்க பேசுறதை நான் ஒலிப்பதிவு பண்ணி எழுதப் போறேன். சம்மதமா? எதையாவது எழுத வேணாம்னா எல்லார் முன்னாடியும் சொல்லுங்க, எல்லார் முன்னாடியும் அழிச்சிடுறேன்." சொன்ன மாதிரியே செஞ்சே. தம்பி காணாமப் போனதைப் பேசினவர் பாதியில நிறுத்தி, "அதை விட்டுடு புள்ளே"ன்னார். உடனே ஒலிப்பதிவை அவரு காதுல வெச்சுக் கேக்க வெச்சு, அந்த இடத்தை அழிச்சே. அந்தப் பகுதி உன் ஆய்வுக்கு எவ்வளவு முக்கியம்னு எனக்குத்தான் தெரியும். முகத்துல ஒரு சுளிப்புக் கூடக் காட்டாம அடுத்த ஆளுக்குத் தண்ணி எடுத்து நீட்டினே.

ஆய்வேட்டோட முதல் பக்கத்துல நீ ஒரு வரி வெச்சிருந்தே: 'இந்த ஆய்வில் யாரும் கையெழுத்துப் போடவில்லை. எல்லாரும் பேசினார்கள்.' அந்த வரியையும் எடுத்துடச் சொல்லுது குழு. கல்விக்கு உகந்த தொனியா இல்லையாம்! நீ இருந்திருந்தா அவங்களுக்கு எந்தத் தொனியில பதில் போயிருக்கும்னு நினைச்சுச் சிரிச்சுக்கிட்டேன்.

நியாயத்தையும் சொல்லிடுறேன். அந்த விதியைக் கெட்டவங்க போடலே. பேசுறவங்களை யாரும் ஏமாத்திடக் கூடாதுன்னு வந்த விதிதான் அது. நாமளும் மனித உரிமைப் பாடத்துல அதைப் படிச்சு, பரீட்சையில எழுதி, மார்க்கும் வாங்கினோம். ஆனா ஒரு மனுஷனைக் காப்பாத்த வந்த விதி அவரையே நடுங்க வெச்சா, விதியைக் கொஞ்சம் தள்ளி வெச்சுட்டு மனுஷனைப் பார்க்க வேணாமா? சர்வதேச உறவுகள்னு துறைக்குப் பேர் வெச்சுக்கிட்டு, ஒரு வீட்டுக் கூடத்துல நடந்த உறவு புரியலேன்னா எப்படி?

இதெல்லாம் ஆவேசமாப் பேச எனக்கு வருது. ஆனா போன மாசம் உங்க வீட்டுல நான் நின்ன நிலைமை வேற.

குழு அனுப்பின புதுப் படிவங்கள் என் பையில இருந்துச்சு. குடுக்கக் கூடாதுன்னுதான் போனேன். ஆனா மாமாவுக்கு யாரோ விஷயத்தைச் சொல்லிட்டாங்க. வாசப்படி ஏறினதும், "கொண்டாம்மா, போட்டுத் தர்றேன்"னு கையை நீட்டினார். உன் படத்துக்குக் கீழே ஆணி அடிச்சு, சட்டம் மாட்ட இடம் ஒதுக்கி வெச்சிருக்கார்டி. "எனக்கு வேற ஆசை இல்லே நசீமா. அவ பட்டம் இங்கே தொங்கணும். மவ இருந்தா செய்ய விட மாட்டா. அவதான் இல்லையே"ன்னார்.

நான் என்ன சொல்றது? கிழிச்சது நீ. இருக்கிறது அவர். மவளைப் பறிகுடுத்த மனுஷன் கேக்குறார். படிவத்தை எடுத்துக் குடுத்துட்டேன்.

மேசையில உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைச்சார். கையெழுத்து இடத்துக்குத்தான் பேனாவைக் கொண்டு போனார், நான் பார்த்துக்கிட்டே இருக்கேன். ஆனா பேனா மேலே போயிடுச்சு. ஓரத்துல இருந்த வெத்து இடத்துல, 'பெயர்: முகம்மது காசிம். தந்தை பெயர்:' அப்படின்னு எழுத ஆரம்பிச்சிட்டார். இன்னொரு கை தானாப் போய்க் கழுத்துப் பொத்தானைப் போடுது.

அடுப்படியிலேர்ந்து உன் மா பார்த்துட்டாங்க. கரண்டியைப் போட்டுட்டு ஓடி வந்து, "தோய்! தோய்!"னு அவர் மணிக்கட்டைப் பிடிச்சிட்டாங்க. போதும், விடுன்னு அர்த்தம். அந்த வார்த்தையைச் சொல்லி உன் மா அழுதாங்க.

மாமா தாளைப் பார்த்தார். தான் எழுதினதைத் தானே படிச்சார். பேனாவை மூடி வெச்சுட்டு, "கை தானாப் போவுதும்மா"ன்னார். தாளை என் பக்கம் தள்ளிட்டு, "என் மவ கிழிச்சது கிழிச்சதாவே இருக்கட்டும். அந்த மதாமை என்கிட்ட பேசச் சொல்லு. வாய் இருக்குல்ல"ன்னார். பிரெஞ்சுக்காரன் காலத்துப் பழக்கம், குழுத் தலைவி அவருக்கு மதாம்தான். அந்தப் படிவத்தை நான் கிழிச்சேன். நாலா இல்லே, பொடிப்பொடியா.

நேத்து அஸர் தொழுத பிறகு அந்தப் பேச்சு நடந்துச்சு. உங்க முன்னறையில அதே பாய், அதே கூட்டம், நடுவுல என் மடிக்கணினி. தலைவி மரியாதையாத்தான் பேசினாங்க. ஒவ்வொருத்தராப் பேசலாமா, மத்தவங்க வெளியே இருக்கலாமான்னு கேட்டாங்க. நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். ஒருத்தர் கூட எழுந்திரிக்கலே. "வெளியே வெயிலு"ன்னு ஒரு குரல் வந்துச்சு, எல்லாரும் சிரிச்சாங்க.

மாமா திரைக்கு நேரா உட்கார்ந்தார். கழுத்துப் பொத்தான் திறந்தே இருந்துச்சு. "மதாம், என்னை எழுதச் சொன்னப்பெல்லாம் நான் பயந்துக்கிட்டே எழுதினேன். என் மவ கேட்டப்போதான் பயமில்லாமப் பேசினேன். நீங்க எதை நம்புவீங்க?"

அதை நான் ஆங்கிலத்துல சொன்னேன். தலைவி குறிப்பெடுத்துக்கிட்டு, இதுக்கு வேற ஏதாவது ஆவணம் இருக்கான்னு கேட்டாங்க. "ஆவணம் இல்லே, ஆளுங்க இருக்காங்க"ன்னு சொல்லி, கணினியைத் திருப்பி ஒவ்வொரு முகமாக் காட்டினேன். உன் படத்தையும் காட்டினேன். முடிவை அனுப்புறோம்னாங்க. இன்னும் வரலே.

என்ன வந்தாலும் சரி ஜமீலா, உனக்கு ஒரு வாக்குத் தர்றேன். பட்டம் தந்தா, அந்த ஆணியில உன் வாப்பா கையாலயே மாட்டுவார். தரலேன்னா, உன் ஆய்வை நானே அச்சுல போடுவேன், மூணாவது அத்தியாயத்துல ஒரு எழுத்தும் குறையாம. அந்தப் புத்தகத்தோட அட்டையைச் சட்டம் போட்டு அதே ஆணியில மாட்டுவோம். எப்படியும் அந்த இடம் காலியா இருக்காது. முதல் பக்கத்துல உன் வரி இருக்கும்: 'இந்த ஆய்வில் யாரும் கையெழுத்துப் போடவில்லை. எல்லாரும் பேசினார்கள்.'

அதை எடுக்கச் சொல்றவங்க இந்த வீட்டுக் கூடத்துக்கு வந்து, பாயில உட்கார்ந்து, எங்க எல்லார் முன்னாடியும் சொல்லட்டும். சோறு போட்டே கேட்டுக்கிறோம்.

கூடப் பொறக்காமலே உனக்கு அக்காவானவ,
உன் லாத்தா நசீமா