வலத்துமாடும் ஒற்றைப் பொத்தானும்

12-4-64, ஞாயிறு

காலையிலேயே வெயில். காற்று இல்லை. பனமரத்துப்பட்டி ஏரியில் வற்றிய பக்கம், இறுகிய மண். ஸ்டெல்லா டீச்சரும் நானும் பஸ்ஸில். அவள் அண்ணன் அருள் சைக்கிளில், பின்னால் ரேடியோவில் ஓடும் சின்ன விமானம். இறக்கை தனி, உடல் தனி. ரப்பர் பட்டையால் கட்டிக்கொள்வது.

அருள் அண்ணனுக்கு விமானப்படையில் ரேடியோ வேலை. இருபதாம் தேதி லீவு முடிகிறது. எங்களில் ஒருத்தி உடையாமல் இறக்கிக் காட்டினால் விமானம் எங்கள் பள்ளிக்கு. இல்லாவிட்டால் அவரோடு திரும்பிப் போகும்.

கையில் பிடிக்கும் ரேடியோப் பெட்டியில் ஒரே பொத்தான். அழுத்திப் பிடித்தால் வலம். அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்தினால் இடம். அவ்வளவுதான்.

ஆடு மேய்க்கும் அம்மா ஒருத்தி எண்ணெய்ப் புட்டியை மோந்து பார்த்து, இதற்கு என்ன தீனி என்று கேட்டாள். ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் என்றார் அண்ணன்.

"வெளக்கெண்ணெய் ஊத்துனா ஓடாம என்னங்க பண்ணும், பாவம்."

ஸ்டெல்லா உட்கார்ந்து சிரித்தாள். நான் முந்தானைக்குள்.

முதலில் ஸ்டெல்லா. போகும்போது நன்றாகப் போயிற்று. திரும்பி எங்களை நோக்கி வந்தபோது, தன் இடப்பக்கம் வரட்டும் என்று இடம் அழுத்தினாள். அது அதனுடைய இடப்பக்கம் போயிற்று, எங்களுக்கு வலப்பக்கம். அங்கே வேலமரம். இறக்கை நுனி முறிந்தது. என் முறை வரவில்லை. உள்ளுக்குள் நிம்மதி. இங்கே மட்டும் எழுதலாம்.

13-4, திங்கள்

வருஷப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடி, கொஞ்சம் புளிப்பு. கீழ்வீட்டில் ஸ்டெல்லா அம்மாவுக்கும் கொடுத்தேன். அங்கே கூடத்தில் இறக்கை ஒட்டும் வேலை. காகிதத்தின் மேல் பூசும் வார்னிஷ், வீடெல்லாம் வாழைப்பழ எசென்ஸ் வாசனை.

"ஞாயித்துக்கிழமை நீங்க புடிங்க, டீச்சர்."

தலையை எப்படி அசைத்தேனோ தெரியாது. அண்ணன் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

16-4, வியாழன்

பரீட்சைத்தாள் பாதி பாக்கி. சோப்பு தீர்ந்தது, வாங்க வேண்டும்.

மாலை மொட்டைமாடியில் பயிற்சி. ரேடியோப் பெட்டிக்குப் பதில் என் கையில் சாக்பீஸ் டப்பா. ஸ்டெல்லா கைகளை விரித்து விமானமாக என்னை நோக்கி நடந்தாள். ஒவ்வொரு முறையும் நான் சொன்ன பக்கம் தப்பு. சுவரில் இரண்டு முறை இடித்துக்கொண்டாள்.

பிறகு அப்பாவின் ஏர் ஞாபகம் வந்தது. நுகத்தில் வலப்பக்கம் பூட்டியது வலத்துமாடு. திரும்பி எதிரே வந்தாலும் வலத்துமாடுதான். சோற்றுப்போசியோடு வரப்பில் நிற்கும் எனக்கு அது இடப்பக்கம் தெரியும். ஆனாலும் ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை. ஸ்டெல்லாவிடம் சொன்னேன்.

"அப்ப நான் மாடா?"

அதன் பிறகு அவள் சுவரில் இடிக்கவில்லை.

19-4, ஞாயிறு

ஸ்டெல்லா சர்ச்சில் பூசை முடிந்து வர நேரமாகிவிட்டது. லேசாகக் காற்று. ஆட்டுக்கார அம்மா பக்கத்து வீட்டுப் பெண்களையும் கூட்டி வந்திருந்தாள். பெட்டியை வாங்கிக்கொண்டேன்.

அண்ணன் ஓடிப் போய் விமானத்தை எறிந்தார். ஏறியது. கரை வரை போய்த் திரும்பியது. நேரே எங்களை நோக்கி. காற்று மெல்ல வேலமரத்துப் பக்கம் தள்ளியது.

வலத்துமாடு, வலத்துமாடு. வாய்விட்டே சொல்லிவிட்டேன். கூட்டத்துக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும். அழுத்திப் பிடித்தேன். மரத்தை விட்டு விலகியது. எண்ணெய் தீர்ந்து இன்ஜின் நின்றது. சத்தமே இல்லாமல் சரிந்து வந்து, மண்ணில் உரசி நின்றது. ஒரு ரப்பர் பட்டை மட்டும் அறுந்தது.

பெட்டியைத் திருப்பி வாங்க அண்ணன் கை நீட்டவில்லை.

"ஏஞ்சாமி, நின்னுபோச்சு? தீனி தீந்துபோச்சுங்களா?"

எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

"ஆமாங்க. இருங்க, இன்னொருக்கா ஊத்தறேன்."