ஷெரிப் ஆரின்ரை பிள்ளை?

சார்செல், பிரான்ஸ்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஷிரோமிக்கு,

அப்பாவின் முழங்கால் வலியைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். அந்தக் குளிரில் நீயும் சுகமாயிருக்க வேண்டுமென்று இன்றைக்குப் பூசையில் மன்றாடினேன்.

போன கிழமை உனக்கு மிளகாய்த்தூள் வாங்கப் பாரிஸ் லா சப்பலிலுள்ள தமிழ்க்கடைக்குப் போனேன். கடைக்கார ரேமண்ட் அண்ணை, மகள் அமெரிக்காவில் என்ன செய்கிறாள் என்று கேட்டார். எனக்குப் பெருமை தாங்காமல், "அவளுக்கு இரவு பகலா ஷெரிப்பின்ரை நினைப்புத்தான்" என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த மரியநாயகி அக்காவின் கை அப்படியே நின்றது. இங்கே ஷெரிப் என்பது அரபு முஸ்லிம்கள் வைக்கிற ஆள்பெயர், எங்கள் கட்டடத்திலேயே இரண்டு ஷெரிப் இருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போது மண்டையில் ஏறவில்லை. "ஆரின்ரை பிள்ளை?" என்று அக்கா கேட்டார். நானும் உன் சரித்திர ஆராய்ச்சியில் வருகிற ஷெரிப்பைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "வயல் செய்த ஒரு கமக்காரன்ரை பிள்ளை, சின்னனிலை சரியாக் கஷ்டப்பட்டவர்" என்றேன்.

நான் வீடு வந்து சேருமுன் கதை அப்பாவின் வேலையிடத்துக்குப் போய்விட்டது. பின்னேரம் வந்தவர் தேத்தண்ணியைத் தொடவில்லை. "எனக்கு ஒளிச்சுத் தாயும் மகளும் சம்பந்தம் பேசுறியளோ" என்று கேட்டார். கோபமென்றால் நானும் திருப்பிக் கதைத்திருப்பேன், நீ அவரிடம் மறைத்துவிட்டாய் என்பதுதான் அவருக்கு நோவு. இருத்தி வைத்து, நீ போனில் சொன்னதையெல்லாம் சொன்னேன். ஷெரிப் என்றால் அந்தக் காலத்து அமெரிக்காவில் ஊர் மக்கள் வாக்குப் போட்டுத் தெரிந்தெடுத்த காவல் அதிகாரி என்றேன். நீ ஆராய்கிற அந்த மனிதர் ஊருக்குள் அலைகிற பன்றிகளைப் பிடிக்கும் பதவியில் தொடங்கியது, பிறகு ஷெரிப்பாகித் தன் மச்சானையே பிடித்து மறியலில் அடைத்தது, அதனால் சொந்தக்காரர் கைவிட்டு அடுத்த தேர்தலில் தோற்றது, கடைசியில் மாநிலச் சபைக்கே போனது, ஒன்றையும் விடவில்லை. அப்பா பன்றியிலேயே சிரிக்கத் தொடங்கிவிட்டார். எங்கள் சங்கத் தலைவரும் கூட்டத்துக்குக் கதிரை அடுக்கித்தானே மேலே வந்தவர் என்றார். ஆள் செத்து எவ்வளவு காலம் என்று கேட்டார். இருநூறு வருசம் என்றேன். "அப்ப நல்ல சம்பந்தம், சீதனமும் கேளான்" என்று தேத்தண்ணியை எடுத்துக் குடித்தார்.

மரியநாயகி அக்கா மட்டும் இன்னும் நம்பவில்லை, கலியாணம் எப்போது என்று கேட்கிறார்.

நேரத்துக்குச் சாப்பிடு பிள்ளை. உன் ஷெரிப் தோற்றதையும் ஒளிக்காமல் எழுது. மாதா உன்னைத் தன் சேலைக்குள் வைத்துக் காக்கட்டும். இதோடு அனுப்புகிற மிளகாய்த்தூளை உடனே போத்தலில் போடு. இன்னொன்று, அப்பா எழுதச் சொன்னது: "உயிரோடை ஆரும் இருந்தால் கடையிலை கேட்க வையாதை, எங்களுக்கு முதல் சொல்லு, பேர் என்னவெண்டாலும்." கடைசி இரண்டு சொல்லுக்கும் கீழே கோடு போடச் சொன்னார். போட்டிருக்கிறேன்.

உன் அன்பு அம்மா,
பியட்றிஸ்