எலோய் அண்ணன் கட்டிய ஊர்

அன்புள்ள அம்மாவுக்கு,

இன்று நான் வேலை செய்யும் கணினிக் கடை வாசலில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்ததைத்தான் முதலில் கவனித்தேன். நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

சொட்டியது எங்கள் குன்றுக்கு வரும் தண்ணீர் லாரி. லிமாவில் எங்கள் மேட்டுக்குக் குழாய் கிடையாது, லாரி வந்தால்தான் பீப்பாய் நிரம்பும். நேற்றிலிருந்து என் பீப்பாய் காய்ந்து கிடக்கிறது. லாரி ஓட்டும் எலோய் அண்ணனோ கடைக்குள் ஒரு வாடகைக் கணினி முன் உட்கார்ந்து, பழங்கால ஊர் கட்டும் விளையாட்டில் ஆறு தேடிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, மேல தண்ணி..." என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"பொறு தாயி. நல்ல தண்ணி பக்கத்துல இல்லாட்டி இந்த ஊரு வளராது."

"கடலோரமா கட்டித் தொலையேன்யா," என்றார் பக்கத்து மேசைக்காரர்.

"உப்புத் தண்ணிய நீ குடிப்பியா? தண்ணியில்லாத இடத்துல எவன் குடியிருப்பான்?"

எங்கள் குன்றில் வாரந்தோறும் புதுக் குடிசை முளைக்கிறது. மதியம் முழுக்க இதே கூத்து.

மறப்பதற்குள் சொல்லிவிடுகிறேன்: வறுத்த சோளம் அனுப்புங்கள், அதைச் சமைக்கத் தண்ணீர் வேண்டாம். உங்கள் பழைய சால்வையும் வையுங்கள். துவைக்காதீர்கள்.

கடைசியில் அவருக்கு ஆறு கிடைத்தது. "இனி ஊரு வளர்றதப் பாத்துட்டுத்தான் எந்திரிப்பேன்," என்று சாய்ந்து உட்கார்ந்தார்.

நான் குனிந்து அவருடைய கணினியின் ஒயரைப் பிடுங்கினேன்.

உங்கள் யோவானா