நூல் சுற்றிய ஊசி

அக்டோபர் 27, திங்கள்

காலையிலிருந்து தூறல். மலை தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இங்காவது எழுதுகிறேன்.

தம்பி செல்வத்துக்கு எச்.ஐ.வி. ஊசியால் வந்தது. வலி மாத்திரையைப் போதைக்காகக் கரைத்து ஏற்றிக்கொள்கிறார்கள், இவனும் மாமா மகன் கண்ணனும். ஒரே மில், ஒரே ஷிப்டு. ராஜபாளையத்தில் சோதித்தால் தெரிந்த முகம் இருக்கும் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். அங்கும் வரிசையில் எங்கள் தெருக்காரர் ஒருவர். பார்க்காதது போல் இருந்துகொண்டோம்.

கண்ணனிடம் சொல்லச் சொன்னேன்.

"அவன் ஊசி வேற, என் ஊசி வேறண்ணே. அவனுக்குப் பச்சை நூலு, எனக்குச் செவப்பு. மில்லு நூலச் சுத்தி வச்சிருக்கோம். மாறவே மாறாது."

"கரைக்கிற மூடி?"

"அது ஒண்ணுதான். அதுல என்ன, வாய் வச்சா குடிக்கோம்?"

எச்சில் பட்டால்தான் தீட்டு இவனுக்கு. இரண்டு ஊசியும் முங்குவது அந்த மூடியில்.

அக்டோபர் 28, செவ்வாய்

மழை விட்டது. குடை ரிப்பேர். அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை.

அம்மா: "வெளிய மூச்சு விட்டுறாதலே. தம்பி பொழப்பு போயிரும்."

வீட்டையும் தம்பி பெயருக்கே எழுதியவள். மாமா மட்டும் என்ன? மகளை எனக்கு என்று சொல்லிவிட்டு வேறிடத்தில் கொடுத்தார். "எம்.ஏ. படிச்சு என்னத்தலே கிழிச்ச?" கல்யாண மண்டபத்தில், எல்லார் முன்னாலும். அந்த வீட்டுக்கும் இது போய்ச் சேரட்டும் என்று நேற்றுத் தோன்றியது.

அக்டோபர் 30, வியாழன்

வெயில். பஸ் ஸ்டாண்டில் கண்ணன் மனைவி ஜோதி. வயிற்றில் ஆறு மாதம். தேவதானத்துக்கு, அம்மா வீட்டுக்குப் போய் இரண்டு நாளில் திரும்புகிறாள். நழுவப் பார்த்தேன்.

"ஏண்ணே, என்னக் கண்டா மட்டும் ஒங்களுக்கு பஸ்ஸு வந்துருதோ?"

ஆஸ்பத்திரியில் பார்த்தார்களா என்றேன்.

"ஆரம்பத்துலயே ரத்தம் எடுத்து எல்லாம் பாத்துட்டாவ. ஒரு கொறையும் இல்லயாம்."

அது அன்றைய ரத்தம். அதற்குப் பிறகும் மூடி ஒன்றுதான். தாய்க்கு வந்திருந்தாலும் உடனே மருந்து தொடங்கினால் பிள்ளையைக் காக்க முடியும் என்று செல்வத்துக்குப் புத்தி சொன்ன ஆஸ்பத்திரி அம்மாள் சொன்னாள். நானும் அங்கே உட்கார்ந்து கேட்டேன்.

ஜோதி ஒரு கொய்யா தந்தாள். தின்னவில்லை.

அக்டோபர் 31, வெள்ளி

மறுபடி செல்வத்திடம்.

"நான் ஊரவிட்டு ஓடணும், அதான வேணும் ஒனக்கு? என்னைக்கு நான் நல்லாருந்து ஒனக்குப் பொறுத்துச்சு?"

அவன் சொன்னதில் பாதி உண்மை.

ஜோதி பெயருக்குக் கடிதம், மாமா வீட்டு விலாசத்துக்கு. உன் கணவன் ஊசி போடுகிறான். அவன் போடும் இடத்தில் நோய் இருக்கிறது. இருவரும் மறுபடி ரத்தம் பாருங்கள். தள்ளிப்போடாதே. செல்வத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

கீழே என் பெயரைப் போட்டேன். வாசித்துப் பார்த்தேன். மாமா இதை வாங்கிப் பார்ப்பார். "பொறாமை பிடிச்ச பய, குடும்பத்தக் கெடுக்கான்" என்பார். அதோடு முடிந்தது, அவள் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கமாட்டாள். என் பெயர் இருந்தால் நம்பமாட்டார்கள். இல்லாவிட்டால் பயப்படுவார்கள்.

வேறு தாளில் எழுதிவிட்டேன், பெயரில்லாமல். இப்போதே போய்த் தபாலில் போடுகிறேன்.