ஏறியாச்சா வசந்தி?

என் தேவகி அக்காவுக்கு,

உன் மேல் கோபமாக இருக்கும் வசந்தி எழுதுகிறேன். செல்லக் கோபம் என்று நினைத்துவிடாதே. நீ எதிரில் இருந்தால் வயலின் பெட்டியைத் தொப்பென்று வைத்துவிட்டு, பந்தி ஹாலின் கடைசி மேஜையில் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நீயும் வழக்கம்போல ஒரு டம்ளர் டீயைக் கொண்டுவந்து வைத்து, "இன்னாடி, இப்ப யாரு மேல?" என்று கேட்டிருப்பாய். உன் மேல்தான் அக்கா. வேறு யார் மேல்?

முதலில் அந்த மாத்திரை. உனக்கு பிரஷர் மாத்திரை போனது என் கடையிலிருந்து, என் கையால். நீ போன பிறகு உன் வீட்டு ஃப்ரிட்ஜ் மேல் பார்க்கிறேன், அட்டை அட்டையாகப் பிரிக்காமல் கிடக்கிறது. மாதாமாதம் வாங்கி அடுக்கி வைத்திருக்கிறாய். எனக்கு வியாபாரம் ஆகட்டும் என்று வாங்கினாயா? கேட்டால் பதில் சொல்ல நீ இல்லை.

சரி, அது பழைய கோபம். புதிய கோபத்துக்கு வருகிறேன். உன் முதல் வருஷ நினைவுக் கச்சேரி நடந்தது. நாசமாகப் போனது. யார் நாசமாக்கினார்கள் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நானா, அரவிந்தனா, ஊரா, நீயா?

இந்தக் கடிதத்தை நாலு பேர் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், பொறுத்துக்கொள்.

சென்னையில் ரெக்கார்டிங் தியேட்டர்களில் வயலின் வாசித்துவிட்டு, அம்மாவைப் பார்த்துக்கொள்ள நீ செஞ்சிக்குத் திரும்பி வந்த புதிது. தோள் வலிக்கு ஆயின்மென்ட் கேட்டு என் மெடிக்கலுக்கு வந்தாய். கவுண்டருக்கு அடியில் பெட்டியைப் பார்த்துவிட்டு, "யாருது?" என்றாய். "என்னுதுதான். கூட்டம் இல்லாதப்ப வாசிப்பேன்" என்றேன். சொல்லிக் கொடுப்பீர்களா என்று கேட்டதற்கு, "நான் டீச்சர் இல்ல. வேணும்னா பக்கத்துல உக்காந்து வாசிக்கிறேன்" என்றாய். அவ்வளவுதான் ஆரம்பம்.

பிறகு பாய்க்கடை ஜாபர் பாய் தன் புல்புல் தாராவைத் தூக்கிக்கொண்டு வந்தார். டைப்ரைட்டர் மாதிரி கட்டையை அழுத்தி வாசிக்கும் அந்தத் தந்தி வாத்தியத்தை நீ அதற்கு முன் தொட்டதே இல்லை, குழந்தை மாதிரி தட்டித் தட்டிப் பார்த்தாய். மேல்சித்தாமூரிலிருந்து தரணேந்திரன் மாண்டலினோடு வந்தார், விவசாயம் போக மீதி நேரத்தில் வாசிப்பவர். திண்டிவனத்துக் கல்யாண ஆர்கெஸ்ட்ராவிலிருந்து கிட்டார்காரர்கள் வந்தார்கள். வயிற்றுப்பாட்டுக்கு வாசிப்பவர்களும் பொழுதுக்கு வாசிப்பவர்களும் ஒன்றாக. மாதக் கடைசி ஞாயிறு, நெல் கமிட்டி மார்க்கெட்டுக்கு எதிரே இருக்கும் கல்யாண மண்டபத்தின் பந்தி ஹால், முகூர்த்தம் இல்லாவிட்டால். தரணேந்திரன் சமணர், பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டார் என்பதால் வெளிச்சம் இருக்கும்போதே சுண்டல். நாம் வட்டமாக உட்காருவோம், ஜனங்கள் நம்மைச் சுற்றி உட்காருவார்கள். யாருக்கும் முன்வரிசை கிடையாது.

இப்போது என் விரலுக்கு வருகிறேன். கடை ஷட்டர் விழுந்து நசுங்கிய இடது மோதிர விரல். ஒட்டிக்கொண்டது, ஆனால் சொன்னபடி மடங்காது. நீ நமக்காகப் போட்ட மெட்டில் முதல் இரண்டு வரி கீழேயே இருக்கும். மூன்றாம் வரிக்குக் கை வயலின் கழுத்திலேயே மேலே நகர்ந்து ஏற வேண்டும். எனக்கு ஏறாது. ஏறுவதற்குள் மற்றவர்கள் வரியை முடித்திருப்பார்கள். நான் விட்டுவிடுகிறேன் என்றபோது நீ சொன்னாய்:

"நீ ஏறுற வரைக்கும் நாங்க ரெண்டாவது வரியிலயே சுத்திட்டு இருக்கோம். ஏறிட்டா தலைய ஆட்டு. எல்லாரும் சேந்து போலாம்."

அப்படியே நடந்தது. சில மாதம் இரண்டு சுற்று, சில மாதம் நாலு. கொஞ்ச நாளில் ஊருக்கே அது பழகிவிட்டது. இரண்டாம் வரி வந்ததும் ஹாலே சேர்ந்து முனகும், எல்லாக் கண்ணும் என் கை மேல் இருக்கும். யாராவது "ஏறியாச்சா வசந்தி?" என்பார்கள். நான் தலையாட்டியதும் "ஏறியாச்சு!" என்று ஒரு சத்தம். கோட்டை பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, என்னமோ சாமி ஏறியிருக்கிறது என்று நினைத்தார்கள். நீ வில்லை வைத்துவிட்டுச் சிரித்தாய்.

இப்போது அரவிந்தன். ரெக்கார்டிங்கில் உன் பக்கத்து நாற்காலியில் வாசித்த பிள்ளை. நீ போன பிறகு, யாரும் கூப்பிடாமல், மாதாமாதம் சென்னையிலிருந்து பஸ் பிடித்து வந்து நம்மோடு உட்கார்ந்தான். நல்லவன். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதுதான் இந்த எரிச்சலில் பாதி. வருஷ நினைவுக்கு முறையாக ஒரு கச்சேரி வைக்கலாம் என்றான். மண்டபத்து மேடையில், மைக் வைத்து, சென்னையிலிருந்து மூன்று நண்பர்களையும் கூட்டிக்கொண்டு. நாங்களும் தலையாட்டினோம். உனக்கு என்றால் மாட்டேன் என்றா சொல்வோம்?

ஒத்திகையில் அவனுக்கு மூச்சு முட்டியது. நம் ஆட்களும் லேசுப்பட்டவர்களா? தரணேந்திரன் அறுப்பு என்று சொல்லிக்கொண்டு மாண்டலினைத் தொடாமலே வந்து நின்றார். ஜாபர் பாய் சுருதி சேர்ப்பதற்குள் ஒரு வியாபாரமே பேசி முடித்தார். அமாவாசைக் கூட்டத்தில் மலையனூர் கோயில் பஸ் மாட்டிக்கொண்டது என்று கிட்டார்காரர்கள் வரவே இல்லை. நான் கடையை மூடிவிட்டு ஓடி வந்தால் பாதிப்பேர் டீ குடிக்கப் போயிருந்தார்கள். கத்தினேன். யாருக்கும் உறைக்கவில்லை.

கடைசியில் அரவிந்தன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அந்தச் சுத்தெல்லாம் மேடையில வேண்டாம். ரெண்டாவது வரி ஒரே தடவ. நீங்க கீழயே வாசிங்க, மேல நாங்க பாத்துக்கறோம்."

சரி என்றேன். அவன் சொன்னதில் என்ன தப்பு? பாட்டு பாட்டாக இருக்க வேண்டும் என்றுதானே சொன்னான்? ஆனால் வீட்டுக்குப் போனபின்தான் புரிந்தது. ஒவ்வொரு மாதமும் ஒரு ஹாலே என் விரலுக்காகக் காத்திருந்தது. அதை ஒரே வார்த்தையில் எடுத்துவிட்டான், நானும் கொடுத்துவிட்டேன்.

அன்றைக்கு மேடையில் அவர்கள் நாலு பேரும் முன்னால், மைக்குக்கு நேரே. நாங்கள் பின்னால். உண்மையைச் சொல்கிறேன், முதல் இரண்டு வரியும் நம் மெட்டா இது என்று இருந்தது. அவ்வளவு அழகு. எனக்குக் கண் கலங்கியது. நீ இதைக் கேட்டிருக்க வேண்டும்.

இரண்டாம் வரி முடிந்தது. முன்வரிசை நாலு பேரும் சுத்தமாக மூன்றாம் வரிக்கு ஏறினார்கள். ஆனால் ஹால் ஏறவில்லை. பழக்கதோஷத்தில் அத்தனை பேரும் இரண்டாம் வரியையே மறுபடி முனக ஆரம்பித்தார்கள், நான் எங்கே இருக்கிறேன் என்று கழுத்தை நீட்டிக்கொண்டு. ஹால் பாடுவதைக் கேட்டு ஜாபர் பாயும் ஒத்திகையை மறந்து இரண்டாம் வரிக்கே திரும்பிவிட்டார். அவரைப் பார்த்துத் தரணேந்திரன். மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி, இரண்டும் முட்டிக்கொண்டு காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. சென்னை நண்பர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். அரவிந்தன் மட்டும் தனியாக மேலே கொஞ்ச நேரம் பிடித்துப் பார்த்தான். பிறகு அவனும் வில்லை எடுத்துவிட்டான்.

ஹால் நிறுத்தவே இல்லை. இட்லிக்கடை மல்லிகா எழுந்து நின்று, "இன்னா வசந்தி, ஏறலியா?" என்று கத்தினாள்.

அவளை அப்படியே தூக்கி வெளியே போட வேண்டும் போல இருந்தது. முகம் பற்றி எரிந்தது. என்ன செய்வது? கையை நகர்த்தினேன். வழுக்கி, கீச்சென்று ஒரு சத்தம். சிரித்தார்கள். இன்னொரு சுற்று வந்தார்கள். அடுத்ததில் ஏறினேன். சுருதி கொஞ்சம் இறக்கம்தான், எனக்கே தெரிந்தது. ஆனாலும் தலையாட்டினேன். "ஏறியாச்சு!" என்று மண்டபமே அதிர்ந்தது. எல்லாரும் சேர்ந்து மூன்றாம் வரிக்குப் போனோம். அரவிந்தன் வரவில்லை. வயலினை மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை தலைகுனிந்தே உட்கார்ந்திருந்தான்.

முடிந்தபின் பந்தி ஹாலில் அவனைத் தேடிப் போனேன். வில்லைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"கோவமா தம்பி?"

"இல்லக்கா. ஒண்ணு மட்டும் கேக்கறேன்." நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஒரு தடவ ரெக்கார்டிங்ல என் வரிய நான் லேட்டா எடுத்தேன். ஒரே ஒரு தடவ. தேவகி அக்கா எல்லார் முன்னாடியும் என்ன எழுந்து போகச் சொன்னாங்க. வெளிய மரத்தடியில உக்காந்து அழுதேன். அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் நான் லேட்டா எடுத்ததே கிடையாது. எங்களுக்கு ஒரு செகண்ட் காத்திருக்காதவங்க, உங்களுக்காக மட்டும் ஏன் அப்படிக் காத்துக்கிட்டு இருந்தாங்க?"

சுண்டல் பொட்டலத்தை நீட்டினேன் அக்கா. அவன் பெட்டியை மூடிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டான். சுண்டல்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

நீ அப்படிப்பட்டவளா? எங்களுக்கு ஒரு தேவகி, அவர்களுக்கு ஒரு தேவகியா? அங்கே அது பிழைப்பு, இங்கே பொழுதுபோக்கு, அதனாலா? அல்லது இவள் இவ்வளவுதான், இந்த விரல் இவ்வளவுதான் என்று முதல் நாளே முடிவு கட்டிவிட்டாயா? அன்பால் காத்திருந்தாய் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். நம்பிக்கை இல்லாமல் காத்திருந்தாயோ என்று இப்போது தோன்றுகிறது. இந்த எண்ணத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

ரோஷம் வந்துவிட்டது. தினமும் கடை திறப்பதற்கு முன், ஷட்டரைப் பாதி தூக்கி வைத்துக்கொண்டு அந்த ஒரே இடத்தை வாசித்தேன். இரண்டாம் வரி, ஏற்றம், மறுபடி இரண்டாம் வரி. விரல் வீங்கியது. என் கடை ஆயின்மென்ட்டை நானே போட்டுக்கொண்டேன். போன வாரம் ஒரு காலையில், சுற்றே இல்லாமல், ஒரே மூச்சில் ஏறிவிட்டேன். சுருதியும் சுத்தமாக. என்னை அறியாமல் தலையாட்டினேன்.

ஷட்டருக்கு வெளியே குனிந்து நின்ற ஒரு ஆள், "இன்னாக்கா, யார பாத்து தலைய ஆட்டற? காய்ச்ச மாத்திர இருக்குதா?" என்றான்.

சந்தோஷம் வந்திருக்க வேண்டும். அழுகைதான் வந்தது, கூடவே உன் மேல் ஆத்திரம். முடிகிறது பார்! கொஞ்ச நாள் முட்டினால் முடிகிறது. நீ ஏன் ஒரு தடவைகூட "இன்னிக்கு ஒரே சுத்துல ஏறு பாக்கலாம்" என்று என்னிடம் சொல்லவில்லை? என்னையும் ஒருநாள் எழுந்து போ என்று சொல்லியிருக்கக் கூடாதா?

ஜாபர் பாயிடம் போய் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "அப்ப இனிமே அந்தச் சுத்து வாணாம்தானே? எடுத்துடலாமா?" என்றார். ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. அவரே பாயைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "அந்தப் புள்ளதான் பாவம். அன்னிக்கு மேலயே நின்னுட்டுது. எறங்கி வர வழி தெரியல அதுக்கு."

நாங்கள் எல்லாரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம் அக்கா. அவனை ஒருவரும் பார்க்கவில்லை.

அரவிந்தனுக்கு மெசேஜ் அனுப்பியிருக்கிறேன். கடைசி ஞாயிறு, பந்தி ஹால், மேடை இல்லை, மைக் இல்லை, வா என்று. பார்த்துவிட்டான். பதில் இல்லை. வருவானா மாட்டானா தெரியாது. நீ பெற்ற பிள்ளை இல்லை, ஆனால் பிடிவாதம் உன்னுடையதுதான்.

அதனால் உன்னிடம் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். பிடிக்காவிட்டால் வந்து திட்டு. நான் இனி ஒரே மூச்சில் ஏறிவிடுவேன், என் விரலுக்காக யாரும் காத்திருக்க வேண்டாம். ஆனாலும் மூன்றாம் வரிக்குப் போகமாட்டோம். வட்டத்தில் அவனுக்கு ஒரு இடம் விட்டு உட்காருவோம். அவன் வந்து, செருப்பைக் கழற்றி, பெட்டியைத் திறந்து, வில்லை எடுக்கட்டும். இந்த மாதம் வராவிட்டால் அடுத்த மாதம். எவ்வளவு லேட்டாக வந்தாலும் ஒருவரும் அவனை எழுந்து போ என்று சொல்லமாட்டோம். அவன் தலையாட்டும்வரை இரண்டாம் வரியிலேயே சுற்றிக்கொண்டிருப்போம்.

இன்னும் கோபம் ஆறாத,
உன் கூடப் பிறக்காத தங்கச்சி,
வசந்தி
செஞ்சி