வெளிப்பக்கம் திறக்கும் கதவு

திருத்தங்கல்
12.2.2006

அன்புள்ள மாமாவுக்கு,

அய்யம்மாள் எழுதிக்கொண்டது. நான் நல்ல சுகம். மஸ்கட் சாப்பாட்டில் நீங்கள் இன்னும் இளைத்திருப்பீர்கள்.

நம் வீடு ஜன்னல் மட்டத்துக்கு வந்துவிட்டது. எங்கள் பட்டாசுக் கம்பெனியில் ஒரு ஷெட்டை இடித்தார்கள். முதலாளியிடம் கேட்டு, அதன் செங்கல்லையும் இரண்டு கதவுகளையும் வாங்கிக்கொண்டேன். வேலை விட்டு வந்ததும் ஒவ்வொரு கல்லிலும் ஒட்டியிருக்கிற சுண்ணாம்பைக் கொத்தி எடுக்கிறேன். கையெல்லாம் காய்ப்பு. கொத்தனார் ஆண்டிச்சாமி அண்ணன் இரண்டு கல்லைத் தட்டிப் பார்த்து, "மணியாட்டம் கேக்கு தாயி! இப்ப எங்கன கிடைக்கு இம்புட்டு நல்ல கல்லு?" என்றார். எனக்கு ஒரே பெருமை.

பிரியமுள்ள,
அய்யம்மாள்

மஸ்கட்
3.3.2006

அய்யம்மாளுக்கு,

கடிதம் கிடைத்தது. வயிறு எரிகிறது. நான் இங்கே கட்டடம் இடிக்கிற வேலையில் தூசி தின்பதே, நம் வீட்டில் எல்லாம் புதுசாக இருக்கட்டும் என்றுதான். நீ அங்கே இடிந்ததைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறாய்.

ஊருக்குப் போய் வந்த முத்துப்பாண்டி, "ஏலே, ஒம் பொண்டாட்டி வீட்டுக் கதவ வெளிய தொறக்கிற மாதிரி வைக்கச் சொல்லுதாலே!" என்றான். ரூமே சிரித்தது. எந்த ஊரிலாவது வாசல் கதவு வெளியே திறக்குமா? அந்தக் கதவுகள் வேண்டாம். அவை இருந்தால் பால் காய்ச்ச நான் வரமாட்டேன்.

சோணைமுத்து

திருத்தங்கல்
24.3.2006

மாமா,

மாற்ற மாட்டேன். கோபப்படாமல் படியுங்கள்.

போன தீபாவளி சீசனில் அந்த ஷெட்டில்தான் தீப்பிடித்தது. உள்ளே நாங்கள் ஒன்பது பேர். பட்டாசு ஷெட்டில் கதவு வெளிப்பக்கம்தான் திறக்கும். ஓடி வருகிறவர்கள் மோதினாலே வழிவிடும். அந்த இரண்டு கதவு வழியாகத்தான் ஒன்பது பேரும் வெளியே வந்து விழுந்தோம். கடைசி ஆள் நான். கூரை போனது. எங்களில் ஒருத்தியும் போகவில்லை.

சொன்னால் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவீர்கள் என்றுதான், அப்போது காய்ச்சல் என்று எழுதினேன்.

அந்தக் கதவுகளை விறகுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. அவை நம் வீட்டில் இருந்தால்தான் எனக்குப் பயமில்லாமல் தூக்கம் வரும். வைகாசியில் பால் காய்ச்சுகிறேன். நீங்கள் வராவிட்டாலும் காய்ச்சுவேன். ஆனால் அழுவேன்.

அய்யம்மாள்

மஸ்கட்
9.4.2006

என் அய்யம்மாளுக்கு,

நாலு தரம் படித்துவிட்டேன். காய்ச்சல் என்று நீ எழுதியதற்கு, கசாயம் குடி என்று பதில் போட்டவன் நான். நினைக்க நினைக்க வெட்கமாக இருக்கிறது.

ஆறு வருஷமாக நல்ல நல்ல கதவுகளை உடைத்துக் குப்பை லாரியில் ஏற்றுகிறேன். ஒன்றைக்கூட நின்று பார்த்ததில்லை. உனக்கு இருக்கிற அறிவும் தைரியமும் எனக்கு வராது தாயே. முத்துப்பாண்டிக்கும் வாசித்துக் காட்டினேன். "தங்கச்சிகிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு எழுதுலே" என்றான்.

லீவு கேட்டிருக்கிறேன், கொடுக்காவிட்டாலும் வருவேன். நீ வெளியே வந்தது எந்தக் கதவு வழியாக? அதையே முன்வாசலுக்கு வைக்கச் சொல். அதற்கு என் கையால் சந்தனம் பூசிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவேன்.

உன்
சோணைமுத்து