சத்தமில்லாத பன்னிரண்டு றவுண்ட்

மார்ச் 1, ஞாயிறு
தூறல். பனி கரைந்து கார் விடும் இடமெல்லாம் சேறு. காலையில் உடுப்புத் தோய்ப்பு, பிறகு பிட்டு, மீன் குழம்பு.

மத்தியானம் பிறம்ரனிலிருந்து அக்காவும் அத்தானும். நேற்றைய குத்துச்சண்டை சாம்பியன் போட்டியை அத்தான் தன் வீட்டு ரிவியிலிருந்து கசெற்றில் பதிந்து கொண்டுவந்தார். முடிவை மட்டும் சொல்ல வேண்டாம் என்று வெள்ளிக்கிழமையே போனில் கெஞ்சியிருந்தேன். சப்பாத்துக் கழற்ற முதலே, "சாம்பியன்தான் வெண்டவன்! மூண்டு நடுவரும் அவனுக்குத்தான்!" நாசமாய்ப் போக.

சாப்பிட்டபின் அவர்கள் ஊர்க்கதை. நான் ரிவிக்கு முன்னால், சத்தத்தை நிற்பாட்டிவிட்டு. கனடா வந்த புதிதில் வர்ணனைக்காரரின் இங்கிலீஷ் விளங்காத எரிச்சலில் நிற்பாட்டத் தொடங்கியது, அதுவே பழகிவிட்டது. றவுண்டில் வென்றவனுக்குப் பத்து, மற்றவனுக்கு ஒன்பது. கலண்டர் தாளின் பின்பக்கத்தில் பன்னிரண்டையும் கூட்டினேன். சாம்பியன் 113. எதிர்த்து வந்த பச்சைக் காற்சட்டைக்காரன் 115!

வாய் சும்மா இருக்குமா. சொன்னேன். அத்தான் சிரித்தார். "வசந்தி, நீ போய்த் தேத்தண்ணியைப் போடு. உது உனக்கு விளங்காது."

இவர் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். பெரிய ஆதரவு. தேத்தண்ணி போட்டேன். அத்தானுக்குச் சீனி போடவில்லை.

மார்ச் 2, திங்கள்
குளிர் திரும்பிவிட்டது. பஸ் பிந்தி, ஓட்டம்.

தொழிற்சாலையில் வழக்கம்போல் போத்தில் மூடி. கோணல், வெடிப்பு, கீறல் பார்த்துப் பொறுக்குவது. சாப்பாட்டு நேரம் ஆண்கள் மேசையில் அந்தச் சண்டைக் கதைதான். எல்லாரும் சாம்பியன் பக்கம். பேப்பரிலும் அப்படியே. மனம் ஆடிப்போனது. எனக்குத்தான் பிழைத்ததோ?

வாங்க: வெங்காயம், கறிவேப்பிலை, டெலிபோன் காட், இவருக்குக் காலுறை.

மார்ச் 4, புதன்
லீவு. நல்ல வெயில். இவர் வேலைக்கு.

கசெற்றைத் திரும்பப் போட்டேன், இந்தமுறை சத்தத்தோடு. கூட்டிப் பார்த்தால் சாம்பியனுக்கு 115. நானேதான் போட்டேன்! பயந்தே போனேன்.

ஐந்தாம் றவுண்டை மட்டும் நாலு தரம் சுற்றிப் பார்த்தேன். அப்போதுதான் பிடிபட்டது. சண்டை நடந்தது சாம்பியனின் சொந்த ஊரில். அவன் கையை வீசினாலே போதும், சனம் ஓவென்று கத்துகிறது, வர்ணனைக்காரரும் சேர்ந்து. குத்து விழுவதோ பச்சையின் முழங்கையில். பச்சை நேரே மூக்கில் குத்தினால் ஒரு சத்தமும் இல்லை. அடப்பாவிகளா! என் கண்ணில் பிழை இல்லை. காதால் பார்த்திருக்கிறேன்.

உடனே அத்தானுக்குப் போன். சத்தமில்லாமல் ஒருக்கால் பார்த்துப் புள்ளி போடச் சொன்னேன்.

"போடுறன். எப்பிடிப் பாத்தாலும் சாம்பியன்தான். அப்பிடி வந்தா, இனிமேல் குத்துச்சண்டை பற்றி நீ வாய் திறக்கக்கூடாது. சரியோ?"

"ஓம்" என்றுவிட்டேன். போனை வைத்தபிறகுதான் யோசித்தேன். எனக்கென்று இருப்பது இந்த ஒரு பைத்தியம். அதைப்பற்றிக் கதைக்கவும் கூடாது என்றால் எப்படி இருப்பது? அவசரக்குடுக்கை நான்.

மார்ச் 6, வெள்ளி
சனிக்கு, அத்தான் புள்ளி போட வரும்போது: கோழி, கத்தரிக்காய், வாழைப்பழம். பென்சில் இரண்டு.

இவர் சொன்னது: "தோத்தாலும் பரவாயில்லை. என்னோட கதையுமன்." இவருக்குக் குத்துச்சண்டையில் மணியடித்தால் தொடக்கமா முடிவா என்றே தெரியாது. ஆனாலும் கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

மார்ச் 7, சனி
காற்று. யன்னல் அடிக்கிறது. பத்தரைக்கே வந்துவிட்டார்கள்.

விதி: சத்தம் இல்லை, கதை இல்லை, கூட்டுவது அக்கா. அத்தான் சோதனை எழுதுகிற பெடியன் மாதிரிப் பேப்பரைக் கையால் மறைத்து எழுதினார். முதல் மூன்று றவுண்ட் ஒரே நக்கல் சிரிப்பு. நாலாவதில் கண்ணாடியைத் துடைத்தார். ஏழாவதில் கதிரையை ரிவிக்குக் கிட்ட இழுத்தார். அதற்குப்பிறகு சிரிப்பைக் காணோம். ஒன்று சொல்ல வேண்டும், அத்தான் வாய்க்காரர்தான், ஆனால் கள்ளப் புள்ளி போடுகிற ஆள் இல்லை.

முடிந்ததும் பேப்பரை மடித்துச் சட்டைப் பைக்குள் வைக்கப் பார்த்தார். அக்கா விடுவாளா! பறித்துக் கூட்டினாள். ஒருமுறை. பிறகும் ஒருமுறை.

"சாம்பியன் 112. பச்சை 116!"

இவர் கைதட்டினார். நான் பேப்பரை வாங்கிப் பார்த்தேன். பச்சைக்கு எட்டு றவுண்ட். நானே ஏழுதான் கொடுத்திருந்தேன்.

"எட்டுக் கூடிப்போச்சு, அத்தான். பத்தாவது சாம்பியனுக்குத்தான்."

அவ்வளவுதான். "என்ன கதை கதைக்கிறாய்? பத்தாவதிலை பச்சை அவனை மூலைக்குள்ள விட்டுச் சாத்தினது உனக்குத் தெரியேல்லையோ? என்ன கண் உது?"

"சாத்தினது கடைசி அரை நிமிசம். மிச்சம் ஆர்?"

"அரை நிமிசமோ!"

இவ்வளவு வருடத்தில் அத்தான் என்னோடு குத்துச்சண்டை பற்றி ஒருநாளும் வாதாடியதில்லை. சிரித்துவிட்டுப் போவார். இன்றைக்கு முகம் சிவக்கக் கத்தினார். எனக்கு அப்படியொரு சந்தோஷம். நானும் விடவில்லை. சாப்பாடு ஆறுகிறது என்று அக்கா கூப்பிடுகிறாள். அத்தான் கசெற்றைப் பின்னால் சுற்றுகிறார்.